அக்கரையில் உடுத்திய சட்டை

முத்துக்கரையில் கிறிஸ்துமஸுக்கு ஒரு வீட்டில் எத்தனை உருப்படி இருந்தாலும், கட்டிலோடு கிடக்கும் கிழவரிலிருந்து தொட்டிலில் கிடக்கும் பச்சைப்பிள்ளை வரைக்கும் அத்தனை பேருக்கும் கடையில் சுருட்டி வைத்திருக்கும் ஒரே துணித் தானிலிருந்துதான் கிழிப்பார்கள், ஆணுக்குச் சட்டை, பெண்ணுக்குச் சேலையோ சுடிதாரோ, பிள்ளைக்குக் கவுன், மிச்சம் விழுந்தால் தலையணை உறை, அதிலும் மிச்சம் விழுந்தால் நாய்க்குட்டி கழுத்துக்கு ஒரு நாடா, இப்படி ஒரே நிறமாய் உடுத்திக்கொண்டு பூசை முடிந்து கோயில் படியிறங்குகிற குடும்பம் வேறெங்கும் நிற்காமல் நேரே பெப்பின் ஸ்டுடியோவுக்குப் போய், வரிசையில் காத்திருந்து, படம் எடுத்துக்கொண்டால்தான் அவர்களுக்குப் பண்டிகை. படம் எடுக்காத வீட்டில் பண்டிகை நடக்கவில்லை என்று அர்த்தம். தின்ற கேக்கெல்லாம் சேர்த்தி இல்லை.

ஊர் ஆண்களில் பாதிப் பேர் அக்கரையில் இருந்தார்கள். மஸ்கட் என்றாலும் குவைத் என்றாலும் ஊருக்கு அது அக்கரைதான், யார் போய் அளந்து பார்த்தது. அக்கரைக்காரர்களுக்கும் அதே தானில் சட்டை தைத்து, லீவு முடிந்து திரும்புகிறவர் யார் பெட்டியிலாவது வைத்து அனுப்புவார்கள்; அவர்கள் அதைப் போட்டுக்கொண்டு ஏதாவதொரு வெள்ளைச் சுவரின் முன்னால் நின்று போனில் படம் பிடித்து அனுப்புவார்கள்; பெப்பின் இங்கே குடும்பத்தை உட்காரவைக்கும்போது தாய்க்கும் பெண்சாதிக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் அக்கரைக்காரரைக் கூட்டிவந்து அந்த இடத்தில் உட்கார்த்திவிடுவான். சில படங்களில் கால் தரையில் பாவியிருக்காது, சிலவற்றில் ஆளின் நிழல் வேறு பக்கம் விழுந்திருக்கும். அதையெல்லாம் குறை சொல்கிற வழக்கம் ஊரில் கிடையாது.

இமெல்டா இந்த ஊருக்குக் கிளெமென்டைக் கட்டிக்கொண்டு வந்தவள். கிளெமென்ட் அக்கரையில் வெல்டர். வீட்டில் அவளும், மாமியார் பிரகாசியும், மகள் அனீட்டாவும், தகப்பன் இதுவரை தொட்டுப் பார்க்காத கைப்பிள்ளை ஜோவினும். ஜோவின் பிறந்த வருஷம் மெரூன் நிறத்தில் துணி எடுத்தார்கள். பெப்பின் அவர்களை உட்காரவைத்து, நடுவில் இடம் விட்டு, தாடையை நிமிர்த்து, தோளை இறக்கு என்று சொல்லிக் காமிராவுக்குப் பின்னால் போய்க் கண்ணை வைத்தபோது, நால்வர் உடம்பிலும் இருந்த மெரூன் ஈரத்துணி காய்வது மாதிரி ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல மாறி, கருநீலமாகி, நெஞ்சுக்குக் குறுக்கே வெளிச்சம் பட்டால் மின்னுகிற வெள்ளைப் பட்டை ஒன்று ஓடி, இடது முழங்காலுக்கு நேரே ஒரு எண்ணெய்க் கறையும் வந்து நின்றது. பிரகாசியின் சேலையிலும் அதே பட்டை, அதே கறை. மடியில் கிடந்த பிள்ளையின் குட்டிச் சட்டையிலும் உள்ளங்கை அகலத்துக்கு அந்தக் கறை இருந்தது.

பிரகாசி குனிந்து தன் முந்தானையைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, எம்மவனுக்கு நல்ல நாளும் அதுவுமா டூட்டி போட்டுருக்கானுவளே!"

அவ்வளவுதான், அக்கரையில் கிளெமென்ட் மேல் கிடக்கிற வேலை உடுப்பு இது என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அடுத்து நின்ற ரீத்தா, அவள் புருஷன் செபஸ்தியும் அதே கம்பெனிதான், பல்லைக் கடித்தாள். "அப்ப எங்க வீட்டாளுக்கும் டூட்டிதான். ரூம்ல எல்லாரும் சேந்து பிரியாணி வைக்கோம்னு போன்ல சொன்னாவளே, பாத்தியாட்டி பொய்யை." பெப்பின் மட்டும் பட்டையில் ஃபிளாஷ் அடித்துக் கண் கூசுகிறதென்று விளக்கைத் தள்ளிவைத்தான். வீட்டுக்கு வந்து அவிழ்த்துப் போட்டதும் துணி பழையபடி மெரூனாகிக் கொடியில் கிடந்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டவர் ஊரில் ஒருவர்கூட இல்லை. அவன் என்ன உடுத்தியிருந்தான் என்றுதான் கேட்டார்கள். ஜவுளிக்கடை அண்ணாச்சி அன்றிலிருந்து துணி விரிக்கும்போதே முந்திக்கொண்டார்: "சாயம் போவாதுன்னு நான் சொல்லுவேன், நிறம் மாறாதுன்னு நான் சொல்ல மாட்டேன்." டெய்லர் மரியதங்கத்துக்குக் கொஞ்சம் மனத்தாங்கல், ஆனாலும் நிறம் மாறினாலும் தன் வெட்டும் தையலும் மாறவில்லை என்று போய்த் தடவிப் பார்த்துவிட்டுச் சமாதானமானாள். பங்குச்சாமியார் இது நன்மைக்கும் இல்லை தீமைக்கும் இல்லை, பூசையில் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்ற நேரத்தில் மட்டும் நடக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டார். அக்கரையில் ஆள் வைத்திருக்கிற பெண்கள் எல்லாரும் அடுத்த வருஷத்திலிருந்து தங்கள் படத்தை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகாமல், இமெல்டா வீட்டு முறை வரும் வரைக்கும் ஸ்டுடியோவிலேயே கிடந்தார்கள், ஏனென்றால் ஒருத்தன் உடுப்பைப் பார்த்தால் அங்கே குளிரா வெயிலா, லீவா டூட்டியா என்று எல்லார் வீட்டுக்கும் தெரிந்துபோகும்.

இதெல்லாம் சரி. இதோடு ஊர் இன்னொன்றையும் கண்டுபிடித்தது, அதுதான் இமெல்டாவின் தலையில் விடிந்தது. அனுப்பின சட்டையைக் கிளெமென்ட் அன்றைக்குப் போட்டிருந்தால் துணி மாற வேண்டியதே இல்லை. போடவில்லை. ஏன் போடவில்லை? பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை? துணி எடுத்தவளுக்கு நிறம் பார்க்கத் தெரியவில்லை. இந்தக் கணக்கை யார் போட்டார்கள் என்று தெரியாது, ஆனால் ஊர் முழுக்க ஒரே விடைதான் வந்தது, எதிரில் வருகிறவர்கள் எல்லாம் குசலம் விசாரிப்பது மாதிரி இமெல்டாவிடம் ஒரு நிறத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள், கொஞ்ச நாளில் இமெல்டாவே அந்த விடையை நம்பத் தொடங்கிவிட்டாள். நம்பாமல் என்ன செய்வாள், அதை நம்பினால்தான் அவள் கையில் செய்வதற்கு ஏதாவது ஒன்று மிஞ்சும்.

அடுத்த வருஷம் இலைப்பச்சை எடுத்தாள். ஸ்டுடியோவில் அது சிவப்புக் கட்டம் போட்ட பழைய லுங்கித் துணியாக மாறி, அனீட்டாவின் கவுனில் பீடிச் சூடு பட்ட ஓட்டையோடு நின்றது. கூட்டத்தில் ஒரு சிரிப்புக் கிளம்பி அடங்கியது. "தூங்குதான். அலுப்பா இருக்கும், பாவம்," என்றாள் பிரகாசி. பிறகு குரலைத் தாழ்த்தி மருமகளிடம், "பச்சை அவனுக்கு ஆவாதுன்னு நான் தலைபாடா அடிச்சிக்கிட்டேம்லா," என்றாள். உண்மையில் பச்சையை எடுக்கச் சொன்னதே அவள்தான். அவன் பச்சைச் சட்டையில் படம் பிடித்து அனுப்பவும் இல்லை, கேட்டதற்குக் கழுத்து இறுக்கமாக இருக்கிறது என்றான், பெப்பின் போன வருஷம் டூட்டி முடிந்து அவன் அனுப்பின படத்திலிருந்த மெரூன் ஆளையே எடுத்துப் பச்சை பூசி உட்கார்த்தினான்.

அதற்குப் பிறகு போன் குறைந்தது. தினமும் என்றிருந்தது ஞாயிறுக்கு ஞாயிறு என்றாயிற்று, ஞாயிறும் பூசை நேரம் மாதிரி சுருக்கமாக முடிந்தது. இந்த லீவுக்கு வருவேன் என்றான், கம்பெனி விடவில்லை என்றான். இந்த வருஷம் துணி எடுக்கிற காலம் வந்தபோது இமெல்டா வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

"என்ன நிறம் எடுக்கட்டும்? நீங்களே சொல்லிருங்க. நீங்க சொல்லுததை எடுக்கேன்."

"உனக்குப் பிடிச்சதை எடு."

"எனக்குப் பிடிச்சது இருக்கட்டும். உங்களுக்கு?"

"எதுன்னாலும் சரிதான். டூட்டிக்கு நேரமாச்சு, வைக்கட்டா?"

வைத்துவிட்டான். உனக்குப் பிடிச்சதை எடு என்பதைவிடக் கொடுமையான பதில் ஒன்று உண்டா என்று அவளுக்குத் தோன்றியது; கண்ணைக் கட்டி நடுக்கடலில் இறக்கிவிட்டு, உனக்குப் பிடித்த பக்கம் நீந்து என்பது மாதிரி இருந்தது அது.

ஜவுளிக்கடையில் அண்ணாச்சி தானுக்கு மேல் தானாக விரித்தார். ரீத்தா கூடவே வந்திருந்தாள், செபஸ்தி லீவில் வந்து திரும்பப் போகிறவன், அவன் பெட்டியில்தான் சட்டை போக வேண்டும். ரோஜா நிறம் என்றால் பொம்பளை நிறம், காப்பிப்பொடி நிறம் என்றால் அழுக்குத் தெரியாது ஆனால் படத்தில் செத்துப்போய் விழும், ஊதா நிறம் தவக்காலத்துக்குரியது, கருப்பு எடுத்தால் பிரகாசி வீட்டுக்குள் விடமாட்டாள். இமெல்டா ஒவ்வொரு துணியையும் ஜோவின் கன்னத்தோடு வைத்துப் பார்த்தாள், ஏனென்றால் பிள்ளைக்குத் தகப்பன் நிறம். பார்க்கப் பார்க்க எல்லாத் துணியும் ஒன்றுபோலாகி, நிறம் என்பதே என்னவென்று மறந்துபோய், கடைசியில் அவள் அந்தத் துணிக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு வாய்விட்டு அழுதாள். அண்ணாச்சி விசிறியை அவள் பக்கம் திருப்பிவைத்தார்.

அப்போதுதான் அவளுக்கு அந்த வானநீலம் ஞாபகம் வந்தது. பெண் பார்க்க வந்த அன்று கிளெமென்ட் வானநீலத்தில் சட்டை போட்டிருந்தான், போகும்போது வாசலில் திரும்பிப் பார்த்து, இந்தச் சட்டையை மாத்தவே மனசு வரலை என்று சிரித்தான். "அது ஒண்ணுதான் அவிய வாயால சொன்ன நிறம் அக்கா," என்றாள் ரீத்தாவிடம். அந்த நீலம் கடையில் இல்லை. அண்ணாச்சி பெரிய ஊருக்கு ஆள் அனுப்பித் தருவித்தார். மரியதங்கம் கழுத்தை ஒரு விரற்கடை தளர்த்தித் தைத்தாள். செபஸ்தி கொண்டுபோனான், போய்ச் சேர்ந்ததும் அவனே போன் பண்ணினான்.

"சட்டைய கையில குடுத்துட்டேன், தங்கச்சி. வாங்கி மோந்து பாத்தான்."

"மோந்தா பாத்தாவ?"

"ஆமா. நம்ம வீட்டு வாசம் அடிக்குன்னான்."

"ரூம்ல எல்லாரும் நல்லா இருக்காவளா?"

செபஸ்தி கொஞ்சம் இருமினான். "அவன் ரூமுக்கு நான் போவலை. வெளிய கேட்டுல வந்து வாங்கிக்கிட்டான்."

இமெல்டா அந்தக் கேட்டு வாசல் பேச்சை விட்டுவிட்டாள், வாசத்தை மட்டும் வைத்துக்கொண்டாள். அந்த ஒரு சொல்லோடு அவள் பண்டிகை வரைக்கும் மிதந்துகொண்டு திரிந்தாள். இந்த வருஷம் துணி மாறாது, மாறவில்லை என்றால் அவன் வருவான் என்று ஏனோ அவளுக்குள் முடிவாகியிருந்தது.

பூசை முடிந்தது. ஸ்டுடியோவில் நிற்க இடமில்லை. பிரகாசி ஒரு பக்கம், இமெல்டா ஜோவினை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு பக்கம், அனீட்டா முன்னால் முக்காலியில், நடுவில் அவனுக்கான இடம். நால்வரும் வானநீலம். பெப்பின் காமிராவில் கண்ணை வைத்தான். ஒருவரும் மூச்சு விடவில்லை. நீலம் நீலமாகவே இருந்தது. இன்னும் நீலமாகவே இருந்தது. பின்வரிசையில் யாரோ ஸ்தோத்திரம் என்றார்கள், ரீத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிரகாசி வெற்றிப் பெருமிதத்தோடு மருமகளின் தொடையில் தட்டி, "நான்தான் அன்னைக்கே நீலம்னேன்லா," என்றாள். இமெல்டா சிரித்தாள். அப்படிச் சிரித்து நெடுநாளாயிற்று.

அந்தச் சிரிப்பு இருக்கும்போதே சேலையின் கரையில் மஞ்சள் தெரிந்தது.

எலுமிச்சை மஞ்சள். அது கரையிலிருந்து மடிப்புக்கு ஏறி, மடிப்பிலிருந்து மாருக்கு ஏறி, நால்வர் உடம்பிலும் நிறைந்தது, நிறைந்த மஞ்சளில் சிவப்பும் ஊதாவுமாகச் சின்னச் சின்னக் குடைகள் ஒவ்வொன்றாக விரிந்தன, விரல்நகம் அளவுக் குடைகள், ஒவ்வொரு குடைக்கும் வளைந்த கைப்பிடி, ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று சொட்டு மழை. புதுத்துணி. கஞ்சி வாசம்கூட அடித்தது.

ஊரே வருஷா வருஷம் ஒரே தானில் துணி எடுத்துக் குடும்பத்துக்கு உடுத்துகிற ஊர், குடும்பத் துணி எது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. குடை போட்ட மஞ்சள் துணியில் எந்த ஆம்பிளையும் தனக்கென்று சட்டை தைக்கமாட்டான். ஒரு பிள்ளை கடையில் நின்று இதுதான் வேண்டும் என்று காலை உதைத்து அழுது, அந்தப் பிள்ளையின் தாய் சரி என்று சிரித்து, எல்லாருக்குமாகச் சேர்த்துக் கிழித்தால் ஒழிய அப்படி ஒரு சட்டை உலகத்தில் உண்டாக வழியில்லை. பிரகாசி தன் மடியிலிருந்த குடைகளைக் கையால் நீவினாள், நீவிக்கொண்டே, தான் சொல்வது தனக்கே தெரியாமல், "துணி நல்ல துணியாத்தான் எடுத்திருக்கா," என்றாள்.

இமெல்டாவுக்கு முதலில் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அந்த நிறம் ஜோவின் கன்னத்துக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்றுதான் அவள் பார்த்தாள். கருத்த மாமியாருக்கும் பொருந்தியது, அனீட்டாவுக்கும் பொருந்தியது, தனக்கும் பொருந்துவதை எதிரே இருந்த கண்ணாடியில் கண்டாள். யாரோ ஒருத்திக்கு நிறம் பார்க்கத் தெரிந்திருக்கிறது. அதை நினைத்தபோதுதான் அவள் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அனீட்டா மட்டும் முக்காலியிலிருந்து குதித்தாள். அழுக்கு நீலமும் ஓட்டை லுங்கியும் வந்த அவள் கவுனில் முதல் தடவையாக ஒரு நல்ல துணி வந்திருக்கிறது. "அப்பா எனக்குப் பிடிச்சதா போட்டிருக்காவ!" என்று கூவினாள். தாயின் பக்கத்தில் கிடந்த போனை எடுத்துக் கையை நீட்டி, தன்னையும் பின்னாலிருந்த மூவரையும் சேர்த்துப் படம் பிடித்தாள். இமெல்டா மடியில் பிள்ளையோடு எழுந்திருப்பதற்குள் அவள் போனை வாயருகில் வைத்துப் பேசியும் முடித்துவிட்டாள்.

"அப்பா, உங்க குடைச் சட்டை எங்களுக்கும் வந்துட்டு. ரொம்ப நல்லாருக்கு. ஹேப்பி கிறிஸ்துமஸ்."

"ஏட்டி, அதை அழி! அழிட்டி!" பிரகாசி கத்தினாள். "இமெல்டா, பாத்துட்டாம்னா இனி வரவே மாட்டான், புடுங்குட்டி போனை!"

இமெல்டா போனை வாங்கினாள். படத்துக்குக் கீழே இரண்டு டிக் குறிகளும் நீலமாகியிருந்தன. பார்த்துவிட்டான். அவள் கையில் இப்போது ஒன்றுமே இல்லை, அழிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை, தெரியாதது மாதிரி இருக்கவும் இனி இடமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் திரும்பவும் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள், உட்கார்ந்தபோதும் பழக்கதோஷத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்தாள்.

பிறகு குடைகள் மடங்கத் தொடங்கின. ஒன்று, இன்னொன்று, தோளிலிருந்து கீழே கீழே ஒவ்வொன்றாக மடங்கி மழைச்சொட்டுகளோடு மறைய, மஞ்சள் வெளிறி, ஒருவன் சட்டையைக் கழற்றுகிற அவ்வளவு நேரத்துக்கு நால்வர் மேலும் நிறமில்லாத ஒரு நிறம் நின்றது, அடுத்த கணம் பளிச்சென்று வானநீலம் வந்தது. அது அவள் எடுத்த நீலம். அவள் கையிலிருந்த போன் கிணுங்கியது. வெள்ளைச் சுவர் முன்னால் கிளெமென்ட், வானநீலச் சட்டையில், ஒரு பொத்தான் மாற்றி மாட்டிய அவசரத்தோடு நின்றான். கழுத்து சரியாக இருந்தது.

"படம் வந்துட்டு!" என்று ரீத்தா கூவியதுதான் தாமதம், ஸ்டுடியோ முழுக்க மூச்சு வந்தது. கைதட்டினார்கள். மரியதங்கம் கழுத்தைத் தளர்த்தித் தைத்தது தான்தான் என்று நாலு பேரிடம் சொன்னாள். மஞ்சளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரில் எதையும் ஏற்றுக்கொள்வதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிடக் குறைந்த நேரத்தில் அதை இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். "என்ன மஞ்சள்? லைட்டு வெளிச்சம் அது," என்றாள் பிரகாசி, கேட்காதவர்களிடமும். பெப்பின், பாவம், தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, பல்பு பழசாயிட்டு," என்றான்.

இமெல்டா இத்தனை வருஷம் வேண்டிக்கொண்டது இதற்குத்தான். அக்கரையும் இக்கரையும் ஒரே துணி. அது வந்துவிட்டது, வந்து அவள் மேல் கிடக்கிறது, அவளுக்கு அதைத் தூக்க முடியவில்லை. அக்கரையில் அந்த வீட்டிலும் யாரோ காமிராவுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், நடுவிலிருந்து ஒருவன் சட்டென்று எழுந்துபோய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு சுவரோரம் நிற்கிறான், ஒரு பிள்ளை அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பிள்ளையை நினைக்காமல் இருக்க அவளால் ஆகவில்லை.

"அக்கா, இப்ப எடுத்துரட்டா?" என்றான் பெப்பின். "எல்லாரும் இங்க பாருங்க."

அனீட்டா பார்க்கவில்லை. அவள் தன் கவுனின் நீலத்தைத் தூக்கித் தூக்கித் தேடிக்கொண்டிருந்தாள். உதடு பிதுங்கியிருந்தது.

"அம்மா, குடையெல்லாம் எங்க போச்சு? எனக்கு அந்தத் துணிதான் வேணும்."

கூட்டம் அத்தனையும் காது கேளாத மாதிரி நின்றது. இமெல்டா குனிந்து மகளின் தலையைக் காமிராவின் பக்கம் திருப்பினாள்.

"அது வேற பிள்ளையோடதுட்டி. நம்ம கேக்கக் கூடாது."

ஃபிளாஷ் அப்போதுதான் அடித்தது. முத்துக்கரையிலேயே இதைவிடப் பொருத்தமான குடும்பப் படம் கிடையாது என்பார்கள்; கிளெமென்டையும் சேர்த்து ஐந்து பேரும் ஒரே வானநீலம், அவன் கால்கூடத் தரையில் சரியாகப் பாவியிருக்கிறது. இமெல்டாவின் வாய் மட்டும் அதில் கொஞ்சம் திறந்திருக்கும்.